டேம் என்றால் அடக்குவதா, பழக்குவதா?

காளை, யானை, நாய்க்குட்டி, விலைவாசி, தலைமுடி என்று இம்முறை கேள்விகள் எங்கெங்கோ போகின்றன. ஆனால் அத்தனைக்கும் நடுவில் ஒரே ஆங்கில வினைச்சொல்தான் நிற்கிறது: 'டேம்'. எழுத்துக்கூட்டினால் டீ, ஏ, எம், இ. பள்ளி அகராதிகள் 'அடக்கு' என்று ஒற்றைச் சொல்லில் பொருள் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் இந்தச் சொல்லுக்கும் அதன் சுற்றத்துக்குமே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: 'சிரிப்பை அடக்கிக்கொண்டேன்' என்பதை 'ஐ டேம்டு மை லாஃப்டர்' என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அகராதியில் டேம் என்றால் அடக்கு என்றுதானே இருக்கிறது? (பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்)

பதில்: அடித்தது சரிதான். ஆனால் பிழை உங்களைவிட அந்த அகராதிக் குறிப்பைத்தான் சேரும். தமிழில் 'அடக்கு' மிகப் பரந்த சொல். சிரிப்பை அடக்குகிறோம், மூச்சை அடக்குகிறோம், கலவரத்தை அடக்குகிறோம், சிறுநீரை அடக்குகிறோம், காளையை அடக்குகிறோம். இறந்தவரைப் புதைப்பதையும் அடக்கம் என்கிறோம். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. சிரிப்புக்கு 'ஸ்டைஃபில்' அல்லது 'சப்ரெஸ்'. மூச்சுக்கு 'ஹோல்டு'. கண்ணீருக்கு 'ஹோல்டு பேக்'. கலவரத்துக்கு 'குவெல்' அல்லது 'புட் டவுன்'. கோபத்துக்கு 'கன்ட்ரோல்'. உடலை அடக்கம் செய்வதற்கு 'பெரி'.

டேம் வருவதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது இயல்பிலேயே காட்டுத்தனம் உள்ளதாக, மனிதரைக் கண்டால் மிரள்வதாகவோ பாய்வதாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது, மாற்றம் சிறிது காலம் எடுத்து நடக்க வேண்டும். மூன்றாவது, நடந்து முடிந்தபின் அந்த நிலை நீடிக்க வேண்டும். மூன்றாவதுதான் நல்ல சோதனை. நீங்கள் அடக்கிய சிரிப்பு அடுத்த நிமிடமே பீறிட்டு வரும். அது பழகிப்போய்ச் சாதுவாக உங்கள் காலடியில் கிடக்காது. ஆகவே அங்கே டேமுக்கு இடமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தோட்டத்துக்கு வரும் அணில் ஒன்று நாளடைவில் பயம் தெளிந்து உங்கள் கையிலிருந்தே வேர்க்கடலையை வாங்கித் தின்கிறது. அதை ஆங்கிலத்தில் 'எ டேம் ஸ்குவிரல்' என்பார்கள். அதை யாரும் பிடிக்கவில்லை, கட்டவில்லை, மிரட்டவில்லை. அச்சம் போயிற்று, அவ்வளவுதான். இந்தச் சொல்லின் மையம் வலிமையைக் காட்டுவதில் இல்லை, மிரட்சி நீங்குவதில் இருக்கிறது. அதனால் 'அடக்கு' என்பதைவிடப் 'பழக்கு', 'வசப்படுத்து' இரண்டும் இதற்கு நெருக்கமானவை. அகராதியை ஓரமாகத் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: உச்சரிப்பு? மேட்டூர் டேமும் இந்த டேமும் ஒன்றா? (சேலம் வாசகர்)

பதில்: தமிழில் எழுதும்போது மட்டுமே ஒன்று. அணைக்கட்டைக் குறிக்கும் சொல் 'டி' என்ற எழுத்தின் கனத்த ஒலியில் தொடங்கும். ரொட்டியில் தடவும் ஜாமோடு எதுகை சேரும். நம்முடைய வினைச்சொல் டீக்கடை டீயின் முதல் ஒலியில் தொடங்கி, நேம், கேம், சேம் ஆகியவற்றோடு எதுகை சேரும். இறந்தகாலம் டேம்டு, தொடர்வினை டேமிங். 'இங்' சேர்க்கும்போது கடைசி 'இ' விழுந்துவிடும். 'டேமர்' என்பதற்கு இரண்டு பொருள்: பழக்குபவர் என்ற பெயர்ச்சொல் ஒன்று, 'இன்னும் சாதுவான' என்ற ஒப்பீட்டுப் பெயரடை இன்னொன்று. எது என்று வாக்கியம்தான் காட்டும்.

கேள்வி: 'ஐ டேம்டு மை டாக் டு சிட்' என்பதில் என்ன தவறு? (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டு தவறுகள். வீட்டு நாய் பிறக்கும்போதே மனிதரோடு ஒட்டும் இனம்; அதை டேம் செய்ய வேண்டியதில்லை. உட்காரக் கற்றுக்கொடுத்தீர்கள், அதற்கு 'டிரெயின்'. இலக்கணத்திலும் சிக்கல்: டிரெயினுக்குப் பின்னால் 'டு சிட்', 'டு ஜம்ப்' என்று செயலைச் சேர்க்கலாம். டேம் அப்படிச் செயலைப் பின்னால் இழுத்துக்கொண்டு வராது, விலங்கோடு முடிந்துவிடும். சுருக்கமாக, பயத்தைப் போக்குவது டேம், வேலையைக் கற்றுக்கொடுப்பது டிரெயின். தெருவில் பிறந்து மனிதர் வாடையே ஆகாத நாயை மாதக்கணக்கில் சோறு வைத்து அருகே வரச் செய்தால், அதற்கு டேம் பொருந்தும்.

இதே கேள்வியின் வால்போல ஒருவர் 'கிளியைப் பேசப் பழக்கினேன்' என்பதற்கு ஆங்கிலம் கேட்டிருக்கிறார். 'ஐ டாட் தி பாரட் டு டாக்' போதும். சொல்லோடு சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம்: நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: ஜல்லிக்கட்டை ஆங்கில நாளிதழ்கள் 'புல் டேமிங் ஸ்போர்ட்' என்று எழுதுகின்றன. அது சரியான மொழிபெயர்ப்பா? போட்டிக் கட்டுரையில் நான் எப்படி எழுத வேண்டும்? (அலங்காநல்லூர் வாசகர்)

பதில்: வழக்கில் ஊன்றிவிட்ட சொல் என்ற அளவில் சரி. வாசகருக்கு உடனே புரியும். நீங்கள் எழுதினாலும் யாரும் பிழை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளோடு ஒப்பிட்டால் பொருந்தாதது தெரியும்.

வாடிவாசலைத் தாண்டி வரும் காளையின் திமிலை ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு, குறித்த தூரம் வரையோ காளை மூன்று முறை துள்ளும் வரையோ விடாமல் இருந்தால் அவர் வென்றவர். கொம்பைப் பிடிக்கக் கூடாது, வாலை இழுக்கக் கூடாது. அது முடிந்ததும் காளை பழகிய மாடாக மாறிவிடுகிறதா? இல்லை. அடுத்த களத்திலும் அதே வேகத்தில்தான் வரும்; வர வேண்டும் என்றுதான் வளர்க்கிறார்கள். இன்னொரு பக்கம், அதே காளை சொந்த வீட்டில் வளர்த்தவர் கைக்குக் கட்டுப்பட்டு, பிள்ளைகள் தடவிக்கொடுத்தாலும் நிற்கும். அதாவது ஆங்கிலத்தின் கண்ணில் அது வீட்டில் ஏற்கெனவே 'டேம்', களத்தில் ஒருபோதும் 'டேம்டு' ஆவதில்லை. நம் முன்னோர் இதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: ஏறுதழுவுதல். கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடல்கள் பேசுவது தழுவுவதைப் பற்றி. இன்றைய பேச்சிலும் 'மாடுபிடி வீரர்' என்கிறோம். தழுவுவதும் பிடிப்பதும் அந்த நொடிச் செயல்கள். இயல்பை மாற்றுவதாக அவை உரிமை கொண்டாடவில்லை. எங்களுக்கு இந்த விஷயத்தில் தமிழ்ச்சொல்தான் துல்லியமாகப் படுகிறது.

ஆகவே கட்டுரையில் இப்படிச் செய்யுங்கள். முதல் முறை 'ஜல்லிக்கட்டு' என்று எழுதி, 'புல் எம்பிரேசிங்' என்று விளக்குங்கள். வீரரைக் குறிக்க 'டேமர்' என்றே எழுதலாம்; செய்தி வழக்கில் அதுதான் நிலைத்திருக்கிறது. அவர் செய்யும் செயலுக்கு மட்டும் வேறு வினை போடுங்கள்: 'ஹி கிளங் டு தி ஹம்ப்', அதாவது திமிலைப் பற்றித் தொங்கினார், அல்லது 'ஹி ஹெல்டு ஆன்', விடாமல் பிடித்திருந்தார். யாரிடமும் பிடிபடாத காளைக்குச் செய்தித்தாள்கள் எழுதும் 'அன்டேம்டு' அழகாகவே பொருந்துகிறது.

தவிர்க்க வேண்டியது 'புல் ஃபைட்'. அது ஸ்பெயின் நாட்டு வழக்கம். இறுதியில் மடடோர் என்னும் காளைச்சண்டை வீரர் வாளால் காளையைக் கொல்வார். அமெரிக்க ரோடியோவின் 'புல் ரைடிங்' இன்னொரு தனி விளையாட்டு. காளையின் முதுகில் ஏறி 8 விநாடி விழாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதால் வெளிநாட்டு வாசகர் மனத்தில் தப்பான படம் விழுகிறது.

கேள்வி: கோயில் யானை 'டேம் எலிஃபன்ட்'டா, 'டொமெஸ்டிகேட்டடு எலிஃபன்ட்'டா? இரண்டும் ஒன்றுதானே? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: ஒன்றல்ல. டேம் செய்யப்படுவது ஓர் உயிர். டொமெஸ்டிகேட் செய்யப்படுவது ஓர் இனம். முதலாவதற்கு வாரங்களோ மாதங்களோ போதும். இரண்டாவதற்குத் தலைமுறை தலைமுறையாக மனிதர் இணை சேர்த்து, தமக்கு வேண்டிய குணமுள்ள குட்டிகளையே பெருக்கி வர வேண்டும். ஆடு, மாடு, நாய், கோழி எல்லாம் அப்படி வந்தவை. நெல்லுக்கும் கோதுமைக்கும்கூட டொமெஸ்டிகேட் என்ற சொல்லே வரும். டேம் வராது, செடிக்கு ஏது மிரட்சி.

யானை இதில் எங்கே நிற்கிறது? பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதரோடு இருந்தும் அது வீட்டு விலங்கினமாக மாறவில்லை. காட்டிலிருந்து பிடித்துப் பழக்கியவையும், முகாமில் பிறந்தவையுமே நம்மிடம் இருக்கின்றன. முகாம் பெண்யானைகள் பல இடங்களில் காட்டுக் கொம்பனோடு சேர்ந்துதான் ஈனுகின்றன. உடலாலும் குணத்தாலும் காட்டு யானைக்கும் முகாம் யானைக்கும் இன வேறுபாடு இல்லை. அதனால்தான் முப்பது வருடம் சாதுவாக இருந்த ஆண் யானையும் மதம் பிடிக்கும் காலத்தில் பாகனையே நெருங்க விடாது. 'டொமெஸ்டிகேட்டடு' என்று எழுதினால் இந்த உண்மை மறைந்துபோகிறது. 'டேம்' எழுதலாம். சட்டமும் வனத்துறையும் எழுதுவது 'கேப்டிவ் எலிஃபன்ட்', அதாவது மனிதர் பிடியில் இருக்கும் யானை. செய்திக்கும் விண்ணப்பத்துக்கும் அதுவே பாதுகாப்பான சொல்.

தெப்பக்காடு, கோழிகமுத்தி யானை முகாம்களில் நடப்பதைப் படிப்படியாகப் பார்த்தால் சொற்களும் தெளியும். ஊருக்குள் வந்து தொல்லை தரும் யானையைப் பிடித்து, பருத்த மரங்களை அடுக்கிக் கட்டிய கரால் என்னும் கூண்டில் விடுகிறார்கள், பிடிப்பது 'கேப்சர்'. பாகன் கரும்பும் தழையும் கொடுத்து, குரலைப் பழக்கி, தன்னைத் தொடவிடும் அளவுக்குக் கொண்டுவருகிறார், இதுதான் 'டேம்'. பிறகு நில், உட்கார், காலைத் தூக்கு என்ற கட்டளைகள் வருகின்றன, இது 'டிரெயின்'. அதற்கும் மேலே மற்ற காட்டு யானைகளை விரட்டவும் மறிக்கவும் தேர்ச்சி பெற்றால் அது கும்கி. அந்தச் சொல்லை ஆங்கில இதழ்கள் மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்தாள்கின்றன. கரால் என்பதும் வந்த சொல்தான்: போர்த்துக்கீசியத்தில் மாட்டுப் பட்டியைக் குறித்த சொல், தென்னாப்பிரிக்க டச்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. கௌபாய் படங்களில் வரும் 'கொரால்' அதன் ஸ்பானிய உடன்பிறப்பு.

டேமுக்கும் டொமெஸ்டிகேட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை மிகத் தெளிவாகக் காட்டியது ரஷ்ய ஆய்வு ஒன்று. 1959இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க்கில் திமித்ரி பெலியாயெவ் வெள்ளி நரிகளை வைத்துத் தொடங்கினார். ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரைக் கண்டு குறைவாக அஞ்சும் நரிகளை மட்டுமே இணை சேர்த்தார்கள். பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. சில தலைமுறைகளிலேயே வாலை ஆட்டி, கையை நக்கும் குட்டிகள் பிறந்தன. பின்னர் மடிந்த காதும் திட்டுத் திட்டான நிறமும்கூடத் தோன்றின. அஞ்சாமல் கிட்டே வரும் ஒற்றை நரி 'டேம்'. அஞ்சாத குணத்தைப் பிறவியிலேயே கொண்டு வரும் கூட்டம் 'டொமெஸ்டிகேட்டடு' என்ற சொல்லை நோக்கி நடக்கிறது.

இதன் எதிர்த்திசைக்கும் ஒரு சொல் உண்டு, பலர் தவறவிடுவது: 'ஃபெரல்'. வீட்டு இனமாக இருந்து காட்டுக்குப் போய்விட்டவை. கோடியக்கரைச் சரணாலயத்தில் திரியும் குதிரைகள் ஃபெரல். அதே புல்வெளியில் மேயும் வெளிமான் வைல்டு. 'வைல்டு ஹார்ஸ்' என்று அந்தக் குதிரைகளை எழுதாதீர்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் இளங்காளையை ஏருக்குப் பழக்குவதை 'வசக்குதல்' என்போம். அதற்கு டேம் போடலாமா? (விவசாயி, காங்கேயம் பகுதி)

பதில்: வேண்டாம். உங்கள் சொல்லுக்கு நேர் சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது: 'பிரேக் இன்'. உங்கள் கன்று தொழுவத்தில் பிறந்தது. மனிதருக்கு ஏற்கெனவே பழகியது. இப்போது மூக்கணாங்கயிறு போட்டு, பழகிய மாட்டோடு ஜோடி சேர்த்து, வெறும் நுகத்தைக் கழுத்தில் வைத்து நடக்கவிட்டு, பிறகு ஒரு கட்டையை இழுக்கவிட்டு, கடைசியில் ஏரிலோ வண்டியிலோ பூட்டுகிறீர்கள். பாரத்துக்கும் கட்டளைக்கும் உடன்பட வைக்கும் இந்த வேலைதான் பிரேக் இன். 'பிரேக் டு தி யோக்' என்றால் நுகத்துக்கு வசக்குவது, 'பிரேக் டு சேடில்' என்றால் குதிரையைச் சேணத்துக்கு வசக்குவது.

குதிரைக்காரர்களின் வரிசையும் ஏறக்குறைய இதேதான். முதலில் தலைக்கயிற்றோடு நடக்கப் பழக்குவார்கள். அடுத்து நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடுவார்கள். அதற்கு 'லஞ்சிங்' என்று பெயர், மதியச் சாப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிறகு வாயில் கடிவாள இரும்பு, முதுகில் வெறும் வார், அப்புறம் சேணம். கடைசியாக ஆள் ஏறுவது. அந்த முதல் ஏற்றத்துக்கு 'பேக்கிங்' என்று பெயர். இந்த வரிசையில் ஒரு படியைத் தாவினால் குதிரை முரண்டு பிடிக்கும். வாய் புண்ணாகி இரும்பையே வெறுக்கும். 'பிரேக்' என்பதில் உடைக்கும் தொனி இருப்பதால் இன்றைய பயிற்சியாளர்கள் பலர் அதைக் கைவிட்டு 'ஸ்டார்ட் எ ஹார்ஸ்' என்கிறார்கள். 'ஜென்டில்' என்பதையும் வினையாக்கி, குதிரையை ஜென்டில் செய்வது என்பார்கள்.

பிரேக் இன் பயன்படுத்தும்போது வழுக்கும் இடங்கள் சில. 'ஹி பிரோக் இட் இன்' சரி. 'ஹி பிரோக் இன் இட்' தவறு, ஏனென்றால் 'இட்' போன்ற சிறு சொல் நடுவில்தான் உட்கார வேண்டும். செயப்படுபொருள் இல்லாமல் 'ஹி பிரோக் இன்' என்று நிறுத்தினால் திருடன் உள்ளே புகுந்தான் என்று பொருள். அல்லது பேச்சின் நடுவே குறுக்கிட்டார் என்று பொருள். 'எ பிரோக்கன் ஹார்ஸ்' வசக்கிய குதிரை; 'எ பிரோக்கன் மேன்' மனம் நொறுங்கியவர்; 'பிரோக்கன் டவுன் ஹார்ஸ்' உழைத்து ஓய்ந்த கிழக்குதிரை.

புதுச் செருப்பு கடிக்கிறது என்று வீட்டுக்குள்ளேயே தினம் ஒரு மணி நேரம் போட்டு நடப்பதும் பிரேக் இன்தான். புது மோட்டார் சைக்கிளை முதல் 500, 1,000 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்குவதை அமெரிக்கர்கள் அப்படியே சொல்வார்கள். பிரிட்டிஷ் வழக்கிலும் நம் மெக்கானிக் கடைகளிலும் அது 'ரன்னிங் இன்'.

கேள்வி: நாய்க்குட்டி வாங்கப்போன இடத்தில் 'ஹவுஸ்பிரேக்கிங் கைடு' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். பூட்டை உடைப்பது என்று நினைத்துத் திடுக்கிட்டேன். (வழக்கறிஞர், மதுரை)

பதில்: உங்கள் தொழிலுக்குத் திடுக்கிடத்தான் வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 445ஆம் பிரிவு 'ஹவுஸ் பிரேக்கிங்' என்றது அத்துமீறி வீடு புகுவதை. அமெரிக்க வழக்கில் அதே சொல், நாய்க்குட்டி வீட்டுக்குள் அசிங்கம் செய்யாமல் வெளியே போகப் பழக்குவது. குட்டி தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போய், அங்கே போனவுடன் தின்பண்டம் கொடுத்துப் பழக்கும் அந்த வேலைக்குத்தான் இந்தப் பெயர். பிரிட்டிஷ் சொல் 'ஹவுஸ் டிரெயினிங்'. இந்தியாவில் எழுதும்போது அதையே வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

கேள்வி: என் உயரதிகாரி மிகவும் அடக்கமானவர். பிரிவு உபசார மடலில் 'ஹி இஸ் எ வெரி டேம் பர்சன்' என்று எழுதலாமா? (அரசு ஊழியர், வேலூர்)

பதில்: எழுதிவிடாதீர்கள். அடக்கமானவருக்கு 'மாடஸ்ட்' அல்லது 'அன்அசூமிங்'. மனிதரை டேம் என்றால் முதுகெலும்பில்லாதவர், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுபவர் என்றாகிவிடும். 'டேம் ஜர்னலிஸ்ட்' என்று பிரிட்டிஷ்காரர்கள் எழுதினால், ஆள்பவர் சொல்படி எழுதும் நிருபர் என்று இடித்துரைக்கிறார்கள்.

பொருள்களுக்கு வந்தால் அது 'சப்பென்ற' என்று ஆகும். கிரிக்கெட் வர்ணனையில் 'டேம் டிரா' என்றால் இரு பக்கமும் முயலாமல் முடிந்த ஆட்டம். 'டேம் டிஸ்மிஸல்' என்றால் பந்து எதுவும் செய்யாமலே மட்டையாளர் தானாகக் கையில் தூக்கிக் கொடுத்தது. 'சரண்டர்டு டேம்லி' என்றால் எதிர்ப்பே காட்டாமல் பணிந்தது. சண்டைப் படத்தை டேம் என்று விமர்சித்தால் தயாரிப்பாளர் வருந்துவார். அதே சொல்லைப் பொருளாதாரப் பக்கத்தில் 'இன்ஃபிலேஷன் ரிமெயின்டு டேம்' என்று எழுதினால் நிதியமைச்சர் மகிழ்வார். விலைவாசி துள்ளாமல் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: 'டேம் இன்ஃபிலேஷன்', 'கர்ப் இன்ஃபிலேஷன்', 'ரெயின் இன் இன்ஃபிலேஷன்' மூன்றும் தலைப்புகளில் மாறி மாறி வருகின்றன. வேறுபாடு உண்டா? (போட்டித்தேர்வு எழுதுபவர், திருச்சி)

பதில்: தலைப்பு எழுதுபவர் இடத்தை அளந்து போடுவதும் உண்டு. ஆனால் வேறுபாடு இருக்கிறது. அது குதிரைக் கொட்டிலில் போய்ப் பார்த்தால் விளங்கும்.

'கர்ப்' என்பது குதிரையின் தாடைக்குக் கீழே ஓடும் சங்கிலி. இழுத்தால் அழுத்தி வேகத்தைக் குறைக்கும். ஆகவே கர்ப் என்றால் மட்டுப்படுத்துவது, மேலும் ஏறாமல் தடுப்பது. செலவு, கோபம், மாசு என்று எதற்கும் போடலாம். ஆளுக்குப் போட முடியாது. 'ரெயின்' கையில் பிடிக்கும் வார். ரெயின் இன் என்றால் ஏற்கெனவே எல்லை மீறி ஓடுவதைப் பின்னுக்கு இழுப்பது. இதன் எழுத்தில் 'ஜி' கிடையாது. 'ஜி' சேர்ந்தால் அரசாட்சி என்று பொருள் மாறும். தேர்வில் அதிகம் விழும் பிழை இதுதான். டேம் என்றால் துள்ளும் பழக்கமே போய், கட்டுக்குள் நிலைத்துவிட்டது. ரிசர்வ் வங்கிக்கு 2016 முதல் 4 சதவீதம் இலக்கு, மேலும் கீழும் 2 சதவீதம் வரை இடம். ஒரு மாதம் 7லிருந்து 6.5க்கு இறங்கினால் 'கர்ப்' வரை எழுதலாம். பல மாதங்கள் 4ஐ ஒட்டியே நின்றால்தான் 'டேம்டு'.

இதே கொட்டிலில் இன்னும் இரண்டு. 'ஹார்னெஸ்' என்பது நம் 'பூட்டு': மாட்டை வண்டியில் பூட்டுவதுபோல, சூரிய ஒளியையும் காற்றையும் வேலையில் பூட்டுவது. அதனால் சூரிய சக்தியை டேம் செய்வதாக எழுதாமல் ஹார்னெஸ் செய்வதாக எழுதுங்கள். 'பிரிடில்' பெயர்ச்சொல்லாகக் கடிவாளம். வினையாகி 'பிரிடில் அட்' என்று வந்தால் பொருள் தலைகீழ். கடிவாளம் இழுபட்ட குதிரை தலையைச் சிலுப்புவதுபோல, சொன்ன சொல்லுக்கு முகம் சுளித்து நிமிர்வது.

காட்டுத்தீக்கு மட்டும் இவை எதுவும் வேண்டாம். தீயணைப்பவர்கள் 'கன்டெயின்டு' என்றால் சுற்றிலும் தடுப்புக்கோடு போட்டாயிற்று. 'கன்ட்ரோல்டு' என்றால் அந்தக் கோட்டைத் தாண்டாது. 'அவுட்' என்றால் அணைந்தது. மூன்றும் மூன்று நிலைகள். 'டேம்டு' என்று எழுதினால் எந்த நிலை என்று வாசகருக்குத் தெரியாது.

கேள்வி: ஷாம்பு புட்டியில் 'டேம்ஸ் ஃபிரிஸ்'? (சென்னை வாசகி)

பதில்: பறந்து நிற்கும் சுருட்டை முடியைப் படியவைக்கும் என்கிறார்கள். முடிக்குக் காட்டுத்தனத்தை ஏற்றிச் சொல்லும் உருவகம்.

கேள்வி: டேம் என்ற சொல்லுக்கும் நம் தமயந்திக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். நம்பலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: நம்பலாம். ஆங்கிலமும் சமஸ்கிருதமும் ஒரே மூதாதை மொழியின் கிளைகள். அந்த மூதாதை மொழியில் வசப்படுத்துவதைக் குறித்த வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு டேம் வந்தது, சமஸ்கிருதத்துக்குத் 'தம' வந்தது. சமம், தமம் என்று வேதாந்த வகுப்புகளில் சொல்லும் தமம், புலன்களை அடக்குவது, இந்த வேர்தான். தமயந்தி, தமனர் என்ற பெயர்களும் அதிலிருந்தே.

லத்தீனில் அந்த வேர் 'தொமாரே' ஆயிற்று. அதன் வழியே ஆங்கிலத்துக்கு 'இன்டாமிடபிள்' வந்தது, அடக்க முடியாத என்று பொருள். பழைய பிரெஞ்சைச் சுற்றிக்கொண்டு 'டான்ட்' வந்தது, மனம் தளர வைப்பது. அதன் எதிர்ச்சொல்தான் 'அன்டான்டடு'. கிரேக்கத்தில் 'அதமாஸ்', எதற்கும் வசப்படாதது என்பது வழக்கமான விளக்கம். மிகக் கடினமான பொருளுக்கு வைத்த பெயர். அதிலிருந்து பிடிவாதத்தைக் குறிக்கும் 'அடமன்ட்' கிளைத்தது. காலப்போக்கில் முதல் எழுத்து உருமாறி 'டயமண்ட்' ஆனதும் அதே சொல்தான். ஆக வைரமும் தமயந்தியும் தூரத்து உறவு. டொமெஸ்டிகேட் மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அது வீட்டைக் குறிக்கும் லத்தீன் 'தோமுஸ்' வழி வந்தது. இன்றைய சொற்பிறப்பு அகராதிகள் அதைத் தனி வேராகவே காட்டுகின்றன.

இதோடு சேர்த்துப் புலனடக்கத்துக்கு ஆங்கிலம் கேட்டிருக்கிறீர்கள். ஐம்புலன்களை யானைகளாகவும் மன உறுதியைத் தோட்டியாகவும் (அங்குசம்) காட்டும் குறளை மொழிபெயர்ப்பதாக இருந்தால் 'ரிஸ்டிரெய்ன்' நல்ல சொல். யானை அங்கேயேதான் நிற்கிறது, அதன் வலிமையும் போகவில்லை. தோட்டி அதைத் தடுத்து வைத்திருக்கிறது. பௌத்த நூல்களின் ஆங்கில ஆக்கங்களில் 'டேமிங் தி மைண்ட்' என்று வருவது உண்டு. அங்கே மனமே நாளடைவில் பழகிச் சாதுவாவதைச் சொல்ல வருகிறார்கள், அதனால் அது பொருந்துகிறது.

கேள்வி: பருந்து பழக்குவோர் சொற்கள் சில ஆங்கிலத்தில் இருக்கின்றன என்கிறார்களே? (ராமநாதபுரம் வாசகர்)

பதில்: ஐரோப்பிய வல்லூறு வேட்டையிலிருந்து வந்தவை. பறவையைக் கையில் ஏந்தி மனிதர் முகத்துக்குப் பழக்குவதை 'மேனிங்' என்பார்கள். 'ரிக்ளெய்ம்' முதலில் பறந்துபோன பறவையைக் கைக்குத் திரும்ப அழைப்பது. இன்று நிலத்தை மீட்பது வரை விரிந்துவிட்டது. வளர்ந்தபின் பிடிபட்டு எளிதில் வசப்படாத பறவைக்கு 'ஹேகர்டு' என்று பெயர். இன்று அது தூக்கமின்றிக் களைத்து ஒட்டிய முகத்துக்குச் சொல்கிற சொல்.

கேள்வி: 'தே வேர் கௌடு' என்று செய்தியில் படித்தேன். பசுவைப்போல் சாதுவாக்கினார்கள் என்பதா? (திருநெல்வேலி மாணவர்)

பதில்: பசுவுக்கும் அதற்கும் உறவில்லை. ஒடுக்குவதைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிகளின் கணிப்பு. மிரட்டிப் பணிய வைப்பது என்று பொருள், அதாவது டேமுக்கு நேர் எதிரான வழி: அங்கே அச்சத்தைப் போக்குகிறோம், இங்கே அச்சத்தை ஏற்றுகிறோம். 'தி விட்னஸ் வாஸ் கௌடு இன்டு சைலன்ஸ்' என்றால் சாட்சியை மிரட்டி வாயடைத்தார்கள்.